ஏசி ரூமுக்கு எந்த ரஜாய்? இலவம் பஞ்சு முதல் பட்டு வரை... வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மே மாதம், இரவு 11 மணி. ஆவடியில் வெளியே நின்றால் அப்போதும் வியர்க்கிறது. வீட்டுக்குள் ஏசி 18-ல் ஓடுகிறது. கட்டிலில் படுத்திருப்பவர் தடிமனான கம்ஃபர்ட்டரைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். நடு ராத்திரி 2 மணிக்கு வியர்த்துப்போய் அதை உதைத்துத் தள்ளுவார். 3 மணிக்குக் குளிரெடுத்து மறுபடியும் தேடுவார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கும், பூந்தமல்லி பக்கம் புதிதாக ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவர்களுக்கும் இது பழகிய காட்சிதான். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பு இந்த ஏரியாவில் ஒரு பருத்தி பெட்ஷீட் போதும். ஏசி வந்த பிறகு ரஜாய், கம்ஃபர்ட்டர், டூவெட் என்று புதுப் பெயர்கள் ஷாப்பிங் ஆப்களில் வரிசைகட்டுகின்றன. கூடவே ‘100 சதவீதம் இயற்கை’, ‘பியூர் கபோக்’, ‘மல்பெரி சில்க்’, ‘கூஸ் டவுன்’ என்று லேபிள்கள் வேறு.

இதில் எது நம்ம ஊருக்குச் சரி? எது வீண் செலவு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரஜாய், கம்ஃபர்ட்டர், டூவெட்... என்ன வித்தியாசம்?

மேல் துணியும் உள்ளே இருக்கும் பஞ்சும் சேர்த்துத் தைக்கப்பட்டது கம்ஃபர்ட்டர். அழுக்கானால் மொத்தமாகத் துவைக்க வேண்டும். டூவெட் என்பது தலையணை மாதிரி. உள்ளே பஞ்சு அடைத்த பை தனி, மேலே போடும் உறை தனி. உறையை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். ரஜாய் என்பது வட இந்தியாவின் பஞ்சுப் போர்வை. ஜெய்ப்பூர் ரஜாய் எடை குறைவுக்குப் பேர்போனது.

பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். உள்ளே இருக்கும் இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் அந்தக் காற்று உடம்பின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. அதனால்தான் எடை அதிகமாக இருப்பது மட்டுமே அதிகக் கதகதப்பு தந்துவிடாது. உள்ளே எவ்வளவு காற்று நிற்கிறது என்பதுதான் கணக்கு.

சென்னைக்கு இதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தூங்கும்போது உடம்பிலிருந்து வெளியேறும் ஈரத்தை அந்தப் பஞ்சு என்ன செய்கிறது? ஏசி நின்ற பிறகு, கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது எப்படி இருக்கிறது? குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் ‘பெஸ்ட் டூவெட்’ பட்டியல்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

இலவம் பஞ்சு: நம்ம ஊர்ச் சரக்கு

‘இலவு காத்த கிளி’ கதை எல்லோருக்கும் தெரியும். காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, அது வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிடும். கிளிக்கு ஏமாற்றம்தான், மனிதர்களுக்கு அதுதான் அறுவடை. ஆன்லைனில் ‘கபோக்’ என்று ஸ்டைலாக விற்கப்படுவதும் இதே இலவம் பஞ்சுதான். தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் பெற்ற ஊர் தேனி மாவட்டம் போடிநாயக்கனூர். ஏலக்காய்க்கு மட்டுமல்ல, இலவம் பஞ்சுக்கும் மெத்தைக்கும் போடி பிரபலம்.

இந்த இழையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஸ்ட்ரா மாதிரி உள்ளே வெற்றிடமாக இருக்கும். இழையின் பெரும்பகுதியே காற்றுதான். வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் தண்ணீர் சட்டென்று உள்ளே போகாது. செயற்கை நுரை வருவதற்கு முன்பு கப்பல்களில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் அடைக்கப்பட்டது இலவம் பஞ்சுதான். இரண்டு உலகப் போர்களிலும் மாலுமிகளை மிதக்க வைத்தது இது.

எடை குறைவு, மென்மை, விலையும் கையைக் கடிக்காது. அப்புறம் என்ன பிரச்சினை?

முதல் பிரச்சினை வழுக்கல். பருத்தி இழையில் இயல்பாகவே ஒரு முறுக்கு இருக்கும். அதனால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இலவம் இழை குட்டையானது, வழவழப்பானது, முறுக்கு கிடையாது. அதை நூலாக நூற்பது கஷ்டம் என்பதற்கும் காரணம் அதுதான். போர்வைக்குள் அடைத்தால் பஞ்சு மெல்ல மெல்ல ஒரு மூலைக்கு நகரும். சின்னச் சின்னக் கட்டமாக நெருக்கித் தைத்திருந்தால்தான் நிற்கும். மேல் துணியின் நெசவும் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழை வெளியே வந்து மூக்கில் ஏறும்.

இரண்டாவது, வாஷிங் மெஷினுக்கு ஆகாது. நனைத்துப் பிழிந்தால் கட்டிதட்டிப் போகும். வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பதுதான் இதற்கு வைத்தியம். மொட்டை மாடி இருக்கும் வீட்டுக்கு இது சுலபம். பால்கனிகூட இல்லாத பி.ஜி. அறைக்கு? யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, நெருப்பு. இலவம் பஞ்சு சீக்கிரம் தீப்பிடிக்கும். கொசுவத்தி, ஊதுவத்தி, போர்வைக்கு அடியில் சார்ஜ் போட்ட மொபைல்... இந்தப் பழக்கங்கள் இருந்தால் உஷார்.

தலையணைக்கும் மெத்தைக்கும் இலவம் பஞ்சு அருமை. போர்வைக்கு என்றால் தையலைப் பார்த்து வாங்க வேண்டும்.

பருத்தி: கனம் தெரியும், கவலை குறைவு

பருத்தி ஈரத்தை உறிஞ்சும். வியர்வை தோலிலேயே தங்காமல் போர்வை வாங்கிக்கொள்ளும் என்பதால் பிசுபிசுப்பு குறையும். பாலியஸ்டர் நிரப்பிய கம்ஃபர்ட்டரில் நடு ராத்திரி புழுங்குவதற்குக் காரணம், அந்த இழை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை.

ஆனால் உறிஞ்சிய ஈரம் காய வேண்டுமே! நவம்பர், டிசம்பர் மழையில் பருத்திப் பஞ்சு காய நாளாகும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை வாடை வரும். நாள்பட்டால் பஞ்சு அழுந்திக் கெட்டியாகும். அப்போதுதான் மெத்தை தைப்பவர் தேவைப்படுவார். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, புதுத் துணியில் அடைத்துத் தைத்துத் தருவது நம்ம ஊரில் இன்றைக்கும் நடக்கிற தொழில். வண்டியில் மெஷினோடு தெருத்தெருவாக வருபவர்களும் உண்டு. வேறெந்த நிரப்புப் பொருளுக்கும் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மலிவாக ‘சர்வீஸ்’ கிடைக்காது.

கவனிக்க வேண்டியது ஒன்று. ‘காட்டன் ஃபில்லிங்’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே தரம் கிடையாது. நீளமான இழையுள்ள நல்ல பஞ்சும் இருக்கிறது. நூற்பாலையில் ஒதுக்கப்படும் கழிவுப் பஞ்சும் இருக்கிறது. கழிவுப் பஞ்சு குட்டை இழை என்பதால் சீக்கிரம் உருண்டை உருண்டையாகும். கையால் பிடித்துப் பார்த்தால் கட்டி தட்டுப்படும்.

கம்பளி: சென்னைக்கா? சிரிக்காதீங்க

‘கம்பளி என்றால் ஊட்டிக்குத்தானே?’ என்று தோன்றும். நியாயம்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் வளர்க்கப்படும் சென்னை சிவப்பு ரகச் செம்மறி ஆட்டுக்கே கம்பளி கிடையாது. உடம்பில் இருப்பது வெறும் முடி. தமிழ்நாட்டில் நல்ல மென்கம்பளி தரும் ரகம் நீலகிரி ஆடு. அதற்கென்றே ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

ஆனால் கம்பளியின் குணம் வெறும் சூடு மட்டுமல்ல. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சூடு கூடினால் ஈரத்தை வாங்கி, பிறகு மெல்ல வெளியே விடும். அதனால் மெல்லிய கம்பளி நிரப்பிய போர்வை ஏசி அறையில் புழுக்கம் இல்லாமல் இருக்கும். சுலபத்தில் தீப்பிடிக்காது என்பது இன்னொரு பிளஸ்.

மைனஸ்? பூச்சி அரிக்கும். வெந்நீரில் துவைத்தால் சுருங்கும். விலை பருத்தியைவிட அதிகம். முக்கியமாக, சென்னையில் நல்ல மெல்லிய கம்பளி ரஜாய் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்துக்கான தடிமன்.

பட்டு: காஞ்சிபுரம் பக்கம்தான், ஆனால்...

பூந்தமல்லியில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் போய்விடலாம். ஆனால் சில்க் டூவெட்டுக்கும் காஞ்சிபுரம் புடவைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. புடவைக்கு வேண்டியது கூட்டிலிருந்து அறுபடாமல் உருவி எடுக்கும் நீள இழை. இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டில் இழைகள் சிக்கிக்கொள்ளும். அதை ஒழுங்காக உருவ முடியாது. அப்படிப்பட்ட கூடுகளை நனைத்து, வலை மாதிரி இழுத்து விரித்து, அடுக்கடுக்காகப் போட்டுத் தயாராவதுதான் பட்டு நிரப்பிய போர்வை. சீனா இதில் பெரிய ஆள்.

மெல்லியது, உடம்போடு ஒட்டிப் படியும், ஈரத்தையும் வாங்கும். ஏசி அறைக்குப் பட்டு நன்றாகவே பொருந்தும். பிரச்சினை விலைதான். நிரப்பிய பட்டைத் துவைக்கவும் முடியாது. உறையை மட்டும் மாற்ற வேண்டும். ‘சில்க் ஃபீல்’, ‘சில்க்கி’ என்று போட்டிருந்தால் உள்ளே பட்டு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அது பாலியஸ்டர். இன்னொன்று, பட்டு எடுக்கப் பொதுவாகக் கூட்டைப் புழுவோடு வேகவைப்பார்கள். அது மனதுக்கு ஒப்பாதவர்களுக்கு இலவமும் பருத்தியும் இருக்கவே இருக்கின்றன.

வாத்துத் தூவி: இங்கே தேவையா?

‘டவுன்’ என்பது வாத்தின் மார்புப் பக்கத்தில், வெளி இறகுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற தூவி. கொஞ்ச எடையில் இவ்வளவு கதகதப்பு தரும் இயற்கைப் பொருள் வேறு கிடையாது. பனி பொழியும் ஊர்களுக்கு அது வரம்.

சென்னைக்கு அந்தத் திறமையே தொந்தரவு. ஈரம் பட்டால் தூவி படுத்துவிடும், காய நேரம் எடுக்கும், வாடை வரும். உயிரோடு இருக்கும் பறவையிடமிருந்து பிய்த்து எடுக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு பல வருஷமாக இருக்கிறது. அதனால்தான் 2014-ல் ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்டு’ என்ற சான்று வந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை கனடாவுக்கோ லண்டனுக்கோ பயணம் போகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அம்பத்தூர் படுக்கையறைக்கு இது அவசியமில்லை.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

இரண்டு எண்கள். ஒன்று ஜி.எஸ்.எம்: ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிராம் பஞ்சு இருக்கிறது என்ற கணக்கு. சிங்கிள் சைஸ் போர்வை 150-க்கு 220 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 3.3 சதுர மீட்டர். 120 ஜி.எஸ்.எம் என்றால் உள்ளே சுமார் 400 கிராம் பஞ்சு. 300 ஜி.எஸ்.எம் என்றால் கிட்டத்தட்ட 1 கிலோ. ஏசி அறைக்கு 100 முதல் 150 வரை போதும். ஆஃபரில் வருகிறது என்று 300 வாங்கினால் அதைப் பயன்படுத்துவதற்காகவே ஏசியைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று டாக். வெளிநாட்டு பிராண்டுகளில் இருக்கும். 1940-களில் மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கதகதப்பு அளவு இது. 4.5-ம் அதற்குக் கீழும் கோடைக்கானவை. 13.5 போட்டிருந்தால் அது ஐரோப்பிய பனிக்காலத்துக்கானது.

நிரப்புப் பொருளின் சதவீதமும் முக்கியம். ‘காட்டன்’ என்று பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் மேல் துணியைத்தான் குறிக்கும். ‘ஃபில்லிங்’ என்ற வரியில் பாலியஸ்டர், மைக்ரோஃபைபர் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பேக் செய்யப்பட்ட பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, எம்.ஆர்.பி போன்ற விவரங்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

உள்ளே இருப்பது அசலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை ரொம்ப பிரபலம். இலவம் பஞ்சு மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுத்திகரிக்காத பருத்தியும், காற்று சிக்கிய பாலியஸ்டரும்கூடக் கொஞ்ச நேரம் மிதக்கும். அதனால் விரலால் தண்ணீருக்குள் அமுக்கி, பிசைந்துவிட்டுப் பார்க்க வேண்டும். பருத்தி நனைந்து கனத்துப் போகும். இலவம் பிடிவாதமாக மேலே வரும்.

பாலியஸ்டர் கலப்பைக் கண்டுபிடிக்க நெருப்புச் சோதனை உதவும். ஒரு சிட்டிகை இழையை மட்டும் இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே, பீங்கான் தட்டின் மேல் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். பருத்தியும் இலவமும் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் வாடை தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். இலவம் பஞ்சு குப்பென்று பிடிக்கும் என்பதால் போர்வைக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது.

எம்.டி.எச் சாலையில் மெத்தைக் கடை வைத்திருப்பவரிடம் வாங்கினால் இந்த வம்பே வேண்டாம். பஞ்சைக் கண் முன்னால் எடை போட்டு அடைத்துத் தரச் சொல்லலாம்.

‘இயற்கை’ன்னா அலர்ஜி வராதா?

இதுதான் விளம்பரங்கள் பரப்பும் பெரிய நம்பிக்கை. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள்தான் பலருக்குக் காலைத் தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டுகின்றன. அவற்றின் சாப்பாடு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள். அவற்றுக்குத் தேவையான தண்ணீர் காற்றின் ஈரத்திலிருந்தே கிடைக்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி அப்படித்தான். உள்ளே பருத்தியா, பட்டா, பாலியஸ்டரா என்று அவை பார்ப்பதில்லை.

உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, போர்வையை நல்ல வெயிலில் உலர்த்துவது, நெருக்கமாக நெய்த உறை போடுவது: இவைதான் கைகொடுக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் அடிக்கடி துவைக்க முடிகிற பொருளாகவே தேர்ந்தெடுப்பது நல்லது. இந்த விஷயத்தில் மெல்லிய பருத்தி ரஜாய்க்கு முதல் இடம். டாக்டர் வேறு ஆலோசனை சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு வயதுக்குக் குறைவான குழந்தைக்கு எந்தப் பஞ்சுப் போர்வையும் வேண்டாம். முகத்தை மூடிவிடும் ஆபத்து இருக்கிறது.

வெள்ளத்தில் நனைந்தால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட், கொரட்டூர், ஆவடி என்று மேற்குப் புறநகரின் பல பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்தவர்கள் தெருவில் குவித்த குப்பையில் முதலில் கண்ணில் பட்டது மெத்தையும் தலையணையும்தான்.

மழைத் தண்ணீரில் லேசாக நனைந்த பருத்தியைப் பிரித்து உலர்த்தி, அடித்து மறுபடி பயன்படுத்தலாம். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியது எதுவானாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்றாலும், தூக்கிப் போடுவதே பாதுகாப்பு. கிருமியும் பூஞ்சையும் உள்ளே இறங்கிவிடும். வெயிலில் காயவைத்தாலும் போகாது. அடிக்கடி தண்ணீர் புகும் தெருவில் தரைத்தள வீடு என்றால், ஆயிரக்கணக்கில் பட்டுக்கும் கம்பளிக்கும் கொட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதே கூடுதல் போர்வைகளை பிளாஸ்டிக் பையில் கட்டி லாஃப்டில் ஏற்றிவிடலாம்.

சரி, யாருக்கு எது?

*பி.ஜி. அல்லது வாடகை அறையில் தனியாக இருப்பவர்:* 100-120 ஜி.எஸ்.எம் பருத்தி ரஜாய். மெஷினில் அடங்கும், ஒரு வெயிலில் காயும், வீடு மாற்றும்போது பையில் சுருட்டலாம்.

*மொட்டை மாடியும் வெயிலும் இருக்கும் வீடு:* இலவம் பஞ்சுத் தலையணை, மெத்தை. போர்வையும் வேண்டும் என்றால் சின்னக் கட்டத் தையலில் கேட்டு வாங்கலாம்.

*குளிர் தாங்காத அப்பா, அம்மா:* மெல்லிய கம்பளி நிரப்பியது. கிடைக்காவிட்டால் இரண்டு மெல்லிய பருத்தி ரஜாய்கள். ஒன்றை எடுக்கலாம், போடலாம்.

*பட்ஜெட் பிரச்சினை இல்லாதவர்:* பட்டு, கழற்றும் உறையோடு.

*ஒருவருக்குக் குளிர், இன்னொருவருக்குப் புழுக்கம் என்கிற தம்பதி:* ஒரு டபுள் சைஸ் வேண்டாம். ஆளுக்கொரு சிங்கிள். சண்டையும் மிச்சம்.

கடைசியாக, ரிமோட்டை எடுங்க

2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. அந்தக் கணக்கில் 18-ஐ 24 ஆக்கினால் ஏசியின் மின்செலவில் சுமார் 30 சதவீதம் குறையும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறி, பில் எகிறிவிடும்.

24 டிகிரி, மெதுவாக ஒரு ஃபேன், மேலே 400 கிராம் பஞ்சு நிரப்பிய ஒரு ரஜாய். சென்னைத் தூக்கத்துக்கு இவ்வளவு போதும். புதுசாக வாங்கும் முன், வீட்டுப் பரணில் பாட்டி காலத்துப் பருத்தி மெத்தை ஏதாவது கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பஞ்சு நன்றாக இருந்தால், பிரித்து அடித்துத் தைத்தாலே உங்கள் ரஜாய் ரெடி.